போர் விமானி பார்க்கும் வரைபடத் திரைக்குள் என்ன நடக்கிறது?

திருகோணமலை உவர்மலையில் இருக்கும், உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: “சீனக்குடாவில் விமானங்கள் ஏறி இறங்குவதைத் தினமும் பார்க்கிறேன். சண்டை விமானங்களுக்குள் பெரிய திரையில் வரைபடம் ஓடுவதை வீடியோக்களில் கண்டேன். அது எங்கள் போனில் இருக்கிற கூகுள் மேப் மாதிரித்தானா? விமானி அதை விரலால் தொட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பாரா? யாராவது ஜிபிஎஸ்ஸை முடக்கினால் என்ன நடக்கும்? இந்த வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?”

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். சில விமானங்களில் விரலால் தொடலாம், ஆனால் முக்கியமான நேரத்தில் விமானியின் கை அங்கே போகாது. ஜிபிஎஸ் போனவுடன் வரைபடம் நின்றுவிடாது. அது தொடர்ந்து ஓடும், மெல்ல மெல்லப் பிழையான இடத்தைக் காட்டத் தொடங்கும். எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் மிகப் பெரியதாகத் தெரிகிறது, அதனால் அதற்குக் கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

வேகத்திலிருந்து தொடங்குவோம். தாழ்வாகப் பறக்கும் ஒரு தாக்குதல் விமானத்துக்கு மணிக்கு 480 கடல் மைல் சாதாரண வேகம். அது நிமிடத்துக்கு 8 கடல் மைல், செக்கனுக்கு ஏறக்குறைய 250 மீட்டர். கோணேசர் கோயிலடியிலிருந்து கொட்டியாரக் குடாவுக்கு மேலாக மூதூருக்கு நேர்கோட்டில் சுமார் 14 கிலோமீட்டர். அந்த விமானத்துக்கு அது ஒரு நிமிடத்துக்கும் குறைவான தூரம். விமானி இரண்டு செக்கன் குனிந்து திரையைப் பார்த்தால், அரைக் கிலோமீட்டரை வெளியே பார்க்காமலே கடந்திருப்பார். இந்தத் திரைகளில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்ற முடிவுகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

எங்கள் ஊரை வைத்தே கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, சீனக்குடாவிலிருந்து பிரித்தானிய ஹரிகேன் விமானங்கள் மேலெழுந்தன. அந்தக் காலத்து விமானியிடம் மடித்து வைத்த காகித வரைபடமும் திசைகாட்டியும் வானொலியும்தான் இருந்தன. யார் எங்கிருந்து எவ்வளவு உயரத்தில் வருகிறார்கள் என்ற முழுப் படமும் தரையில் இருக்கும். ராடர் சொல்வதை வைத்து ஒரு பெரிய மேசைமேல் குறிகளை நகர்த்துவார்கள். அந்த மேசையில் தெரிவதில் இரண்டொரு வாக்கியம் மட்டுமே விமானியின் காதுக்கு வரும். அதன் பிறகு வந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் அந்த மேசை படிப்படியாக விமானத்துக்குள் ஏறியிருக்கிறது.

அதன் முதல் படி முழுக்க இயந்திரம்தான். டெக்கா என்ற வானொலி வழிகாட்டி முறையில், சுருளாகச் சுற்றிய காகித வரைபடம் உருளைகளில் ஓட, ஒரு பேனாமுனை விமானம் இருக்கும் இடத்தைக் கோடாக இழுத்துக்கொண்டே போகும். பிறகு பிலிம் வந்தது. ஹரியர், ஜாகுவார், டொர்னாடோ போன்ற விமானங்களில் அச்சடித்த வரைபடத்தை 35 மில்லிமீட்டர் பிலிமில் சிறிதாகப் படம் பிடித்து, பின்னாலிருந்து ஒளி பாய்ச்சி, விமானியின் முன்னிருந்த திரையில் விழ வைத்தார்கள். விமானம் நகர நகர ஒரு சிறிய மோட்டார் பிலிமை நகர்த்தும். அமெரிக்காவின் எஃப்/ஏ-18 விமானங்களின் முதல் வகைகளிலும் பிலிம் வரைபடம்தான் இருந்தது. படம் அருமையாகத் தெரியும். ஆனால் தரையில் ஒரு பாலம் புதிதாக வந்தால் பிலிமையே புதிதாகச் செய்ய வேண்டும், அதன்மேல் வேறு தகவலைச் சேர்ப்பதும் கடினம்.

இலக்க முறை வந்த பிறகுதான் நீங்கள் வீடியோவில் பார்த்த திரை சாத்தியமானது. இப்போது அடியில் மூன்று வகைத் தரவுகள் இருக்கும். ஒன்று, அச்சு வரைபடத்தை அப்படியே ஸ்கேன் செய்த படம். 1:250,000, 1:500,000 என்று ஒவ்வொரு அளவுத்திட்டத்துக்கும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவது, வீதி, ஆறு, மின்கம்பி, வான்பரப்பு எல்லை ஆகியவற்றைக் கோடாகவும் புள்ளியாகவும் வைத்திருக்கும் தரவு. மூன்றாவது நிலத்தின் உயரம். புவியியலில் நீங்கள் படித்த இடவிளக்கப் படத்தின் சமவுயரக் கோடுகளுக்குப் பதிலாக, நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் எழுதியிருப்பார்கள். 2000 பெப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து, ராடரால் உலக நிலப்பரப்பின் 80 சதவீதத்தை இப்படி அளந்தது. அதில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவிலான தரவை இன்று யாரும் இலவசமாக எடுக்கலாம்.

ஸ்கேன் செய்த படத்துக்கும் கோட்டுத் தரவுக்கும் உள்ள வித்தியாசம் சிறிதாகத் தெரியலாம். திரையைத் திருப்பும்போதுதான் அது பெரிதாகிறது. வரைபடத்தை இரண்டு விதமாக வைக்கலாம்: வடக்கு எப்போதும் மேலே, அல்லது விமானம் போகும் திசை மேலே. வழி பிடித்துப் போகும்போது இரண்டாவதுதான் இலகு. திரையில் வலப்பக்கம் இருக்கும் மலை கண்ணாடிக்கு வெளியிலும் வலப்பக்கம் இருக்கும். ஆனால் தெற்கு நோக்கிப் பறந்தால் ஸ்கேன் செய்த படத்தில் எல்லா ஊர்ப்பெயரும் தலைகீழாகிவிடும். கோட்டுத் தரவாக இருந்தால் கணினி பெயர்களை மட்டும் நிமிர்த்தி எழுதும். இன்னொரு விமானத்தோடோ தரையோடோ வானொலியில் பேசித் திட்டமிடும்போது வடக்கு மேலே இருப்பதுதான் நல்லது, ஏனென்றால் இருவரும் ஒரே படத்தைப் பார்த்தபடி பேசுகிறார்கள். அதனால் இரண்டுக்கும் இடையே ஓர் அழுத்தலில் மாறும் வசதி இருக்கும். போகும் திசை மேலே இருக்கும் நேரத்தில் விமானத்தின் சின்னத்தைத் திரையின் நடுவில் வைக்காமல் கீழே தள்ளி வைப்பார்கள். கடந்துபோன நிலத்தைவிட வரப்போகும் நிலம் நிறையத் தெரிய வேண்டும், இல்லையா?

சரி, தொடுவதைப் பற்றி. எஃப்-35 விமானத்தில் ஏறக்குறைய 20 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் கொண்ட தொடுதிரை இருக்கிறது. அதைப் பிரித்து வரைபடத்தை ஒரு பக்கமும் மற்றவற்றை வேறு பக்கமும் வைக்கலாம். ஆனால் கையுறை போட்ட விரல், குலுங்கும் இருக்கை, திருப்பத்தில் உடலை அழுத்தும் விசை மூன்றையும் சேர்த்து யோசியுங்கள். ஐந்து மடங்கு ஈர்ப்பு விசையில் திரும்பும்போது கையும் ஐந்து மடங்கு பாரமாக இருக்கும். அந்த நேரத்தில் கையைத் தூக்கி, திரையில் ஒரு சிறு புள்ளியைச் சரியாகத் தொடுவது நடக்காத காரியம். அதனால் முக்கியமான வேலைகள் எல்லாம் இடக்கை பிடித்திருக்கும் விசைநெம்பிலும் வலக்கை பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கோலிலும் உள்ள சிறு பொத்தான்களில் இருக்கும். விரல்நுனியால் ஒரு குமிழைத் தள்ளினால் வரைபடத்தில் குறிமுள் நகரும், அழுத்தினால் அந்த இடத்தின் விவரம் வரும்.

தொடுதிரைமேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைப்பதன் ஆபத்தைக் கடற்படைக்காரர்கள் கசப்பாகக் கற்றார்கள். நாங்கள் துறைமுகத்து ஆட்கள், இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 2017 ஓகஸ்ட் 21 அன்று சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜோன் எஸ். மெக்கெய்ன் ஒரு எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் மாற்றிக் கொடுத்தபோது, எது யார் கையில் இருக்கிறது என்று குழம்பியது விசாரணையில் தெரிய வந்தது. அதன் பிறகு அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களில் கையால் பிடித்துத் தள்ளும் நெம்புகளைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது.

நிறங்களைப் பற்றியும் கொஞ்சம். போன் வரைபடத்தில் கடைகளும் விளம்பரங்களும் பளிச்சென்று இருக்கும். விமானத்தில் அடி வரைபடத்தை வேண்டுமென்றே மங்கலாக வைப்பார்கள். சிவப்பும் மஞ்சளும் எச்சரிக்கைக்கு மட்டும். விமானத்தின் உயரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் சிவப்பாகும், சற்றுக் கீழே இருப்பது மஞ்சளாகும். அப்புறம் இரவு இருக்கிறது. இரவுக் கண்ணாடி அணிந்திருக்கும் விமானிக்குச் சாதாரணத் திரையின் வெளிச்சமே கண்ணைக் கூசவைக்கும், அதனால் அந்தக் கண்ணாடி உணரும் சிவப்பு, அகச்சிவப்புப் பகுதியைத் திரையிலிருந்து வடிகட்ட வேண்டும். அதே திரை நண்பகலில், மறைப்பே இல்லாத வெயிலிலும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். போனை எடுத்து முன்னால் ஒட்டினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆனாலும் டேப்லட்டுகள் விமானத்துக்குள் வந்துதான் இருக்கின்றன. காலில் கட்டியிருந்த காகிதக் கட்டுக்குப் பதிலாகப் பல படைகளின் விமானிகள் இப்போது டேப்லட் கட்டுகிறார்கள். இறங்குமுறைப் படங்கள், விமானநிலையக் குறிப்புகள் போன்றவற்றுக்கு அது மிக நல்லது. விமானத்தின் ஆயுதங்களோடும் உணர்கருவிகளோடும் இணைந்த திரை தனியாக, கடுமையான பரிசோதனைக்குட்பட்டதாகத்தான் இருக்கும்.

இந்த அடி வரைபடத்துக்கு மேலேதான் உண்மையான பெறுமதி ஏறுகிறது. ஓர் ஏவுகணைத் தளம் இருக்கும் இடத்தைச் சுற்றி அதன் எட்டும் தூரம் வட்டமாகத் தெரியும். உயரத் தரவு இருப்பதால் கணினி இன்னொன்றும் செய்யும். அந்த வட்டத்துக்குள் நீங்கள் இப்போது பறக்கும் உயரத்தில் எந்தெந்தப் பகுதி மலைக்குப் பின்னால் மறைகிறது என்று கணக்கிட்டு, வட்டத்தை அந்தப் பக்கத்தில் வெட்டிக் காட்டும். நீங்கள் இறங்கினால் வெட்டு பெரிதாகும், ஏறினால் சுருங்கும். காகிதத்தில் இதை ஒருநாளும் செய்ய முடியாது. லிங்க்-16 போன்ற தரவிணைப்புகள் வழியாக மற்ற விமானங்களும் கப்பல்களும் காண்பது உங்கள் திரையிலும் வரும். கடல் கண்காணிப்பு விமானங்களில் ராடர் கண்ட புள்ளியும், கப்பல் தானாக ஒலிபரப்பும் தன் பெயர், வேகம், திசை ஆகியவையும் ஒரே படத்தில் சேரும். ராடரில் தெரிந்தும் பெயர் சொல்லாத புள்ளியைத்தான் அவர்கள் முதலில் போய்ப் பார்ப்பார்கள்.

உயரத் தரவு விமானியைக் கேட்காமலே வேலை செய்யும் இடமும் உண்டு. 2014இல் எஃப்-16 விமானங்களில் வந்த ஒரு முறை, விமானத்தின் பாதை நிலத்தில் முட்டப்போகிறது என்று கணக்கிட்டால், கடைசி நேரத்தில் தானே விமானத்தை நிமிர்த்தி மேலே இழுக்கிறது. கடுமையான திருப்பத்தில் மயங்கிப்போன விமானிகள் அதனால் உயிரோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். போர்க் கருவிகளைப் பற்றி எழுதும்போது மனநிறைவோடு எழுதக்கூடிய சில விஷயங்களில் இது ஒன்று.

இனி ஜிபிஎஸ். அந்தச் செய்மதிகள் இருபதாயிரம் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன, தரைக்கு வரும் சமிக்ஞை மிக மிக மெலிந்தது. அதை முடக்கப் பெரிய கருவி தேவையில்லை. அதனால் போர் விமானம் அதை மட்டும் நம்பிப் பறப்பதில்லை. உள்ளே சடத்துவ வழிகாட்டி இருக்கிறது. ஒவ்வொரு அசைவையும் திருப்பத்தையும் அளந்து, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தோம் என்று கூட்டிக்கொண்டே போகும். யாராலும் அதை முடக்க முடியாது, ஆனால் சிறு பிழைகளும் சேர்ந்துகொண்டே போகும். நல்ல கருவியில்கூட ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு கடல் மைல் விலகலாம். நிலத்துக்கு மேல் பறந்தால் இதைத் திருத்த வழி உண்டு: கீழே நோக்கும் ராடர் உயரமானி காட்டும் ஏற்ற இறக்கத்தை உயரத் தரவோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் இரண்டும் பொருந்துகின்றன என்று தேடலாம். எங்கள் கிழக்குக் கரையைத் தாண்டி வங்காள விரிகுடாவுக்குள் போய்விட்டால் அந்த வழியும் இல்லை. கீழே தட்டையான கடல், ஒப்பிட ஒன்றும் கிடையாது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை போன்ற ஒரு முனையை ராடரில் பிடித்து, அதன் தெரிந்த இடத்தோடு பொருத்தித்தான் திருத்த வேண்டும்.

இதில் பயங்கரமானது, திரை எப்போதும் ஒரே தெளிவோடு இருப்பதுதான். பிழை பத்து மீட்டராக இருந்தாலும் ஒரு மைலாக இருந்தாலும் விமானத்தின் சின்னம் அதே கூர்மையோடு ஓரிடத்தில் நிற்கும். நல்ல திரை தன் சந்தேகத்தையும் காட்ட வேண்டும்: இடம் எவ்வளவு நிச்சயம், இந்தப் புள்ளி எத்தனை நிமிடப் பழசு, இந்த வரைபடம் எந்த ஆண்டினது என்று. இது எல்லாத் திரைகளிலும் போதிய அளவு செய்யப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தரவின் வயது எப்படிக் கெடுக்கும் என்பது எங்களுக்குப் புரியாத விஷயம் அல்ல. 2009க்கு முந்திய வரைபடத்தில் கிண்ணியாவில் பாலம் இருக்காது, பாதைப் படகுதான் இருக்கும். இடத்தை அளக்கும் முறையும் மாறியிருக்கிறது. நிலஅளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள் பூமியின் வடிவத்துக்கு 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்கோளத்தையும், கந்தவல என்ற இடத்தை அடிப்படையாகக் கொண்ட அளவீட்டையும் பயன்படுத்தியவை. அதில் வாசித்த நெட்டாங்கையும் அகலாங்கையும் மாற்றாமல் ஜிபிஎஸ்ஸுக்குள் போட்டால் இருநூறு மீட்டர் அளவில் தள்ளிப் போகும். இரு பக்கமும் கடல் இருக்கும் எங்கள் கோட்டை வாசலில் வைத்த புள்ளி தண்ணீருக்குள் விழுந்துவிடலாம்.

இப்படியான பிழைகளுக்கு உயிர்கள் விலையாகியிருக்கின்றன. 1998 பெப்ரவரி 3 அன்று இத்தாலியின் கவலேசே அருகே, அனுமதித்ததைவிடத் தாழ்வாகவும் வேகமாகவும் பறந்த அமெரிக்க விமானம் ஒன்று தொங்குவண்டிக் கம்பியை அறுத்தது, 20 பேர் இறந்தார்கள். விமானிகளிடம் இருந்த வரைபடத்தில் அந்தக் கம்பி குறிக்கப்படவில்லை. 1999 மே 7 அன்று பெல்கிரேடில் சீனத் தூதரகத்தின்மேல் குண்டு விழுந்து மூன்று பேர் இறந்தபோது, இலக்கைக் குறித்த முறையும் தூதரகம் இடம் மாறியதை அறியாத தரவும்தான் காரணம் என்று அமெரிக்கா சொன்னது.

என்னால் மறக்க முடியாதது 2015 ஒக்டோபர் 3, ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரம். எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்பு தன் மருத்துவமனை எங்கே இருக்கிறது என்பதை நாலு நாள் முன்புகூட எல்லாத் தரப்புக்கும் ஜிபிஎஸ் எண்களாகவே கொடுத்திருந்தது. அமெரிக்காவின் ஏசி-130 தாக்குதல் விமானம் திட்டமிட்டதைவிட முன்னதாகவே அவசரமாகப் புறப்பட்டது. தாக்கக் கூடாத இடங்களின் பட்டியல் அதில் ஏற்றப்படவில்லை. வானத்தில் வைத்து அனுப்பவும் முடியவில்லை, தொடர்புக் கருவி பழுதாகியிருந்தது. தங்களுக்குக் கொடுத்த இலக்கின் எண்களைப் போட்டபோது கருவி ஒரு வெறும் வயலைக் காட்டியது. ஏதோ பிழை என்று நினைத்து, வாயால் சொல்லப்பட்ட வர்ணனைக்குப் பொருந்தும் பெரிய கட்டடத்தைக் கண்ணால் தேடினார்கள். பொருந்தியது மருத்துவமனை. 42 பேர் இறந்தார்கள். பட்டியல் இருந்தது, எண்கள் இருந்தன, அவற்றைக் காட்டக்கூடிய கருவியும் இருந்தது. அந்த இரவு அவை ஒன்றோடொன்று சேரவில்லை.

விமானம் சுற்றும் சத்தம் கேட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஆட்கள் எங்கள் மாவட்டத்தில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். திரையில் ஒரு புள்ளியாகத் தெரிவது கீழே என்னவாக இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இந்தக் கேள்வியை வெறும் தொழில்நுட்பமாக எழுத எனக்கு மனம் வராததற்கு அதுதான் காரணம். திரையில் விரல் எவ்வளவு அழகாக ஓடுகிறது என்பதைவிட, புறப்படுவதற்கு முன் தரையில் யார் எந்தத் தரவை ஏற்றினார், யார் சரிபார்த்தார் என்பதுதான் எனக்கு முதல் கேள்வி.

படிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். விமானியாவது ஒரு வழி. வரைபடத்துக்குள் இருக்கும் வேலையும் பெரிய உலகம். பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் புவியளவியல் பீடம் இருக்கிறது, தியத்தலாவையில் நிலஅளவைப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. இணைந்த கணிதத்தில் காவிகளை (வெக்டர்) நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், சடத்துவ வழிகாட்டியின் அடிப்படை முழுக்க அதுதான்.

இப்போதே வீட்டில் செய்து பார்க்கவும் ஒன்று இருக்கிறது. கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளைக் கணினியில் போடுங்கள். விண்ணோடம் அளந்த உயரத் தரவில் வடக்கு 08, கிழக்கு 081 என்ற கட்டத்தை இறக்குங்கள், திருகோணமலை அதற்குள் வரும். கொட்டியாரக் குடாவின் நடுவில், கடலுக்கு 100 மீட்டர் மேலே ஒரு பார்வைப் புள்ளி வைத்து, அங்கிருந்து எந்த நிலம் தெரியும், எது மறையும் என்று கணக்கிடச் சொல்லுங்கள். பிறகு உயரத்தை 500 மீட்டராக்கி, கன்னியாப் பக்கத்துக் குன்றுகளுக்குப் பின்னால் என்ன மாறுகிறது என்று பாருங்கள். அந்த ராடர் பல இடங்களில் மண்ணை அளக்காமல் மரங்களின் உச்சியை அளந்திருக்கிறது. அடர்ந்த காடு இருக்கும் இடங்களில் அதன் எண்களைக் கொஞ்சம் கழித்தே எடுங்கள். செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள் தம்பி, எங்கே சிக்கினாலும் சேர்ந்து பார்ப்போம்.